மிச்சம் 35 மணித்தியாலம்

புதுப் பாடம் ஒன்றுக்கு சிலபஸ் எழுதித் தரச் சொன்னால் எங்களில் பலர் செய்வது ஒன்றுதான். தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் பொருளடக்கத்தைத் திறப்போம், அத்தியாயங்களை எண்ணுவோம், பதினைந்து கிழமைக்கும் பங்கு போடுவோம். மேலே நாலு கற்றல் பேறு, கீழே நாலு புத்தகத்தின் பெயர். படிவம் நிரம்பிவிடும். பீடச் சபையில் பெரிதாக யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்டாலும் எழுத்துப்பிழையைத்தான் கேட்பார்கள்.

நான் வன்னியில் ஒரு வளாகத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவன். அறிவியல் நகரிலோ, பம்பைமடுவிலோ, பூந்தோட்டத்துக் கல்வியியற் கல்லூரியிலோ புதிதாக வேலைக்கு வந்து, "நாளைக்குள்ள கோர்ஸ் அவுட்லைன் தாங்கோ" என்ற மின்னஞ்சலைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு, நாங்கள் எஸ்.எல்.கியூ.எவ். என்று சொல்வது, 2012 இல் வந்து 2015 இல் திருத்தப்பட்டது. அதன்படி ஒரு கிரெடிட் என்றால் 50 கற்றல் மணித்தியாலம். வருடத்துக்கு 30 கிரெடிட். அதாவது 1500 மணித்தியாலம். மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. இது எல்லா விரிவுரையாளருக்கும் தெரியும், ஏனென்றால் படிவத்தில் அதை நிரப்பவேண்டும். படிவத்தை மூடியதும் மறந்துவிடுகிற இலக்கமும் இதுதான்.

ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பில் நின்று நான் விரிவுரை செய்வது 15 மணித்தியாலம். மிச்சம் 35 மணித்தியாலம் பிள்ளையுடையது. மூன்று கிரெடிட் பாடத்தில் எனக்கு 45, பிள்ளைக்கு 105. பதினைந்து கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏழு மணித்தியாலம், என் ஒரு பாடத்துக்கு மட்டும். அரையாண்டுக்கு 15 கிரெடிட் எடுக்கிற பிள்ளைக்கு விரிவுரையும் சேர்த்து கிழமைக்கு 50 மணித்தியால வேலை. திங்கள் முதல் சனிவரை நாளுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல்.

இப்போது உங்கள் சிலபஸை எடுத்துப் பாருங்கள். அந்த 45 பற்றி எத்தனை வரி இருக்கிறது, 105 பற்றி எத்தனை வரி? நான் பார்த்த படிவங்களில் 105 க்கு "சுயகற்றல்" என்று ஒரு சொல். அவ்வளவுதான். பத்தில் ஏழு பங்கை ஒரு சொல்லில் முடித்துவிட்டு மூன்று பங்கைக் கிழமை கிழமையாக எழுதி வைத்திருக்கிறோம். ஒரு பாடம் நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் பெரும்பாலும் அந்த 105 இல்தான். வன்னியில் இன்னும் அதிகம்.

ஏன் வன்னியில் என்று கேட்கலாம். கொழும்பிலும் பேராதனையிலும் பிள்ளைக்கு அதே 35 தானே? இலக்கம் அதேதான், ஆனால் அந்த மணித்தியாலங்கள் எங்கே கழிகின்றன என்பது வேறு. என் வகுப்பில் துணுக்காயிலிருந்து வந்த பிள்ளை இருக்கிறது, மன்னாரிலிருந்து வந்தது இருக்கிறது, மட்டக்களப்பு, ஹற்றன், குருநாகல் என்று தூரத்திலிருந்து வந்தவையும் இருக்கின்றன. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடும். தை, மாசியில் போனால் காலபோக அறுவடை. அறுவடையை மெசின் செய்தாலும் நெல்லைக் காயவைக்க, மூட்டை கட்ட ஆள் வேண்டும். தூரத்துப் பிள்ளைகள் விடுதியில் இருக்கும், ஆனால் மகாபொலப் புலமைப்பரிசுப் பணம் பிந்தினால் பகுதிநேர வேலைக்கு ஓடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் இருந்து வாசிப்பார்கள்" என்று கற்பனை செய்து எழுதிய சிலபஸ் இங்கே ஓடாது என்கிறேன்.

ஆகவே நான் அந்த ஏழு மணித்தியாலத்தையும் பிரித்து எழுதித் தருகிறேன். வாசிப்புக்கு இரண்டு. கணக்குத் தாளுக்கு இரண்டரை. குப்பிக்கு ஒன்றரை, அது என்ன என்று கீழே சொல்கிறேன். மிச்சம் ஒன்று சோதனைக்கு முந்திய படிப்பு விடுமுறைக்குச் சேமிப்பு.

வாசிப்புக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் எத்தனை பக்கம்? இதை ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. உயர்தரம்வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்துவிட்டு, ஆங்கில மொழிமூலத்தில் பட்டம் தொடங்கும் பிள்ளை, கணிதக் குறியீடு நிறைந்த ஒரு பக்கத்தை விளங்கி வாசிக்க முதல் மாதங்களில் பத்து நிமிடம் எடுக்கும் என்பது என் மதிப்பீடு. அப்படியென்றால் பன்னிரண்டு பக்கம். அத்தியாயம் முழுக்க வாசித்துவிட்டு வா என்றால் அது ஐம்பது பக்கம், ஒரு பிள்ளையும் வாசிக்காது. வாசிக்காமல் வந்தாலும் வகுப்பு நடக்கும் என்பதை இரண்டாம் கிழமையே கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் வாசிக்க வைக்க ஏலாது. பன்னிரண்டு பக்கம் கொடுங்கள், எந்தப் பக்கம் என்று இலக்கம் போட்டுக் கொடுங்கள், மூன்று கேள்வியோடு கொடுங்கள். அந்த மூன்றில் ஒன்றோடுதான் அடுத்த வகுப்பு தொடங்கும் என்று சொல்லிவிட்டு அப்படியே தொடங்குங்கள்.

குப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: சோதனை நெருங்கும்போது பட்ஜில் விளங்கின பெடியனோ பெட்டையோ, சிலவேளை சீனியர் அக்காவோ அண்ணாவோ, மற்றவர்களை இருத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பது. கரும்பலகை இருக்கும், இல்லாவிட்டால் கன்ரீன் மேசை. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில், சிங்களப் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில். கலந்து நடக்கிற குப்பியும் பார்த்திருக்கிறேன். அதில் மூன்று மொழியும் வரும், கெட்ட வார்த்தையும் வரும். உள்ளதைச் சொன்னால், என் பாடத்தை அதிகம் படிப்பிப்பது நான் இல்லை, குப்பிதான். ஆனால் ஒரு சிலபஸிலும் அந்தப் பெயர் இல்லை. விரிவுரையாளர் சிலருக்கு அது கொஞ்சம் அவமானமாகவும் இருக்கிறது. நான் ஒழுங்காகப் படிப்பித்தால் ஏன் குப்பி என்ற நினைப்பு.

குப்பியில் இருக்கிற கோளாறு அது நடக்கிறது என்பதல்ல, பிந்தி நடக்கிறது என்பதுதான். பதினைந்தாம் கிழமையில், பாஸ்ட் பேப்பரை வைத்துக்கொண்டு, விடையை மனனம் பண்ணுவதற்காக நடக்கிறது. அதை நாலாம் கிழமைக்குக் கொண்டுவந்தால் வேறு விதமாகப் போகும். அதனால் கணக்குத் தாளில் கடைசிக் கேள்வி எப்போதும் தனியே செய்ய முடியாததாக இருக்கும். நாலு பேர் இருந்து வாக்குவாதப்படவேண்டிய கேள்வி. ஒரே தரவை வைத்து இரண்டு எதிரான முடிவு எழுதியிருப்பேன், எது சரி என்று காரணத்தோடு சொல்லவேண்டும். விடையில் நாலு பேரின் பெயரும் இருக்கலாம், ஆனால் அடுத்த நாள் பலகையில் விளக்குவது யார் என்பதை நான் சீட்டுக் குலுக்கி எடுப்பேன். தாள் ஒன்றுக்கு இரண்டு புள்ளி, மொத்தம் ஆறு தாள். பன்னிரண்டு புள்ளிக்காகப் பிள்ளைகள் இவ்வளவு கதைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"சேர், இதில எது எக்ஸாமுக்கு வரும்?"

இந்தக் கேள்விக்கு எரிச்சல்படுகிற ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அது மிக நியாயமான கேள்வி. சிலபஸில் "தரவுகளைப் பகுப்பாய்வு செய்வர்" என்று எழுதிவிட்டு, வினாத்தாளில் "நியம விலகலை வரையறுக்க" என்று கேட்டால், பிள்ளை எதை நம்பவேண்டும்? பாஸ்ட் பேப்பரைத்தான். எந்த வளாகத்திலும் உண்மையான சிலபஸ் பாஸ்ட் பேப்பர்தான், மற்றது அலுவலகத்துக்கான காகிதம். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1949 இலேயே சிக்காகோவில் ரால்ப் டைலர் இதைக் கேள்விகளாகப் போட்டுவிட்டார்: நோக்கம் என்ன, அதற்கு என்ன அனுபவம் கொடுப்பது, எப்படி ஒழுங்குபடுத்துவது, அடைந்ததா என்று எப்படி அறிவது. 1996 இல் ஜோன் பிக்ஸ், பேறும் செயற்பாடும் மதிப்பீடும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும் என்று எழுதினார். தர உறுதிப்பாட்டுக் கூட்டங்களில் எங்களுக்குக் காட்டும் சிலைடுகளில் பிக்ஸ் தவறாமல் வருவார். சிலைடு முடிந்து தேநீர் குடித்ததும் பழைய வினாத்தாளைத் திகதி மாற்றிக் கொடுப்போம்.

நான் செய்வது இது: கிழமைத் திட்டம் எழுத முன்னம் இறுதிச் சோதனை வினாத்தாளை எழுதுவேன். முழுத்தாளையும். பிறகு ஒவ்வொரு கேள்வியையும் வைத்து, இதைச் செய்யப் பிள்ளைக்கு எந்தக் கிழமையில் பழக்கம் கிடைத்தது என்று பின்னோக்கிப் பார்ப்பேன். பழக்கம் கிடைக்காத கேள்வி வெளியே போகும், அல்லது கிழமைத் திட்டம் மாறும். ஒரு உதாரணம். பழைய பேறு: "மைய நாட்ட அளவைகளை விளங்கிக்கொள்வர்." இதை எப்படிச் சோதிப்பது? இப்போது இருப்பது: "தரப்பட்ட தரவுக்கு இடை பொருந்துமா, இடையம் பொருந்துமா என்று தீர்மானித்துக் காரணம் கூறுவர்." இடை என்றால் சராசரி, இடையம் என்றால் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண். இதற்குக் கேள்வி தானாக வருகிறது. முல்லைத்தீவில் ஒரு வருட நாளாந்த மழைவீழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 1250 மில்லிமீற்றர் என்று வைத்தால் நாளுக்கு இடை 3.4 மில்லிமீற்றர். ஆனால் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் துளி விழாது, ஆகவே இடையம் பூச்சியம். கார்த்திகையில் ஒரே இரவில் நூறைத் தாண்டும். அங்கே ஒரு குளத்துக்கு வான்கதவு வடிவமைக்கிறவனுக்கு 3.4 உதவுமா, பூச்சியம் உதவுமா? இரண்டும் உதவாது என்று பிள்ளை எழுதினால் முழுப் புள்ளி. வயல்காரரின் பிள்ளைகள் இதைச் சூத்திரம் படிக்க முன்னமே சொல்லிவிடுகின்றன.

அடுத்தது நாட்காட்டி. பதினைந்து கிழமை என்பது படிவத்தில் இருக்கிற இலக்கம். 2020 பங்குனியில் கொரோனாவால் மூடினோம். அந்த மார்கழியில் புரெவிப் புயல். 2022 இல் எரிபொருள் இல்லை, பங்குனிக் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம். 2024 வைகாசியில் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. அந்தக் கார்த்திகை வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்தவேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் "எதிர்பாராத காரணங்களால்" என்று அறிவித்தல் ஒட்டுகிறோம். இவ்வளவு ஒழுங்காக வருகிற ஒன்றை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது? வாடைக்காற்று தொடங்கினால் மழை வரும், மழை வந்தால் ஏதாவது ஒரு பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகும், அந்தப் பாலத்துக்கு அப்பால் பிள்ளைகள் இருக்கும்.

ஆகவே நான் பன்னிரண்டு கிழமைக்குத்தான் எழுதுகிறேன். மூன்று கிழமை வெறுமையாக இருக்கும். ஒன்று ஐந்தாம் கிழமைக்குப் பிறகு, ஒன்று ஒன்பதாம் கிழமைக்குப் பிறகு, ஒன்று கடைசியில். ஒன்றும் குழம்பாவிட்டால் அந்தக் கிழமைகளில் பிந்தின பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளலாம். குழம்பினால் யாருடைய பாடமும் கெடாது. இதைவிட முக்கியம், எது கடைசியில் நிற்கிறது என்பது. புள்ளிவிபரவியல் புத்தகங்கள் பல நிகழ்தகவில் பாதிப் புத்தகத்தைச் செலவழித்துவிட்டு, மாதிரியிலிருந்து முழுமையைப் பற்றி எப்படிச் சொல்வது என்ற விசயத்துக்கு இறுதி அத்தியாயங்களில்தான் வரும். பாடத்தின் உயிரே அதுதான். புத்தக ஒழுங்கில் போனால் அந்த உயிர் பதின்மூன்றாம், பதினான்காம் கிழமையில், அதாவது வெள்ளத்துக்கும் சோதனைக்கும் நடுவில் நசிபடும். "மிச்சத்தை நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ" என்று முடிகிற பகுதி எப்போதும் அதுதான்.

அதை இரண்டாம் கிழமைக்குக் கொண்டுவந்தேன், சூத்திரம் இல்லாமல். ஒரு பை நிறைய நெல்லில் பதர் எத்தனை வீதம் என்று பிடி பிடியாக எடுத்து எண்ணவேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு விடை வரும். ஏன் வேறு, எவ்வளவு வேறு, பிடி பெரிதானால் என்ன ஆகும்? உண்மையான விடை எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று சொல்லும் வீச்சுக்கு நம்பிக்கை ஆயிடை என்ற பெயர் ஏழாம் கிழமையில் வரும்போது பிள்ளைக்கு அது பழைய ஆள்.

இடம் எங்கிருந்து வந்தது என்றால், வெட்டியதிலிருந்து. இதுதான் சிலபஸ் எழுதுவதில் கஷ்டமான பகுதி, சண்டையும் இங்கேதான் வரும். தொகுத்த தரவில் கோட்டத்தை, அதாவது தரவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் அளவை, கையால் கணிப்பது போய்விட்டது. வரிசைமாற்றச் சேர்மானத்தில் பாதி போய்விட்டது, உயர்தரத்தில் செய்தவர்களுக்கு அது திரும்பச் செய்வது, செய்யாதவர்களுக்கு ஒரு கிழமையில் வராது. திருப்பம் பிறப்பிக்கும் சார்பும், ஆங்கிலத்தில் மொமன்ட் ஜெனரேட்டிங் ஃபங்சன் என்பது, போய்விட்டது.

"தம்பி, மொமன்ட் ஜெனரேட்டிங் ஃபங்சன் இல்லாமல் ஒரு ஸ்டட்ஸ் கோர்ஸா?" பெரியவர் ஒருவர் கூட்டத்திலேயே கேட்டார். எனக்குப் படிப்பித்தவர்.

"சேர், மூன்றாம் வருசத்தில கணிதம் எடுக்கிற பெடியளுக்கு வடிவா வைப்பம். இவையளில முக்காவாசிப்பேர் சுற்றாடல் விஞ்ஞானம் போறவை."

"அப்ப தரம் என்னாகிறது?"

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு முதல் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைப்பார்கள். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்ற பேச்சு. எல்லா வயலுக்கும் தண்ணீர் விடுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கதிர் வரும் நேரத்தில் கைவிரிக்கிற அதிகாரியை ஊர் சும்மா விடாது. நாங்கள் 150 மணித்தியாலத்தை வைத்துக்கொண்டு 260 மணித்தியாலத்துக்கு விதைக்கிறோம். அதைத் தரம் என்றும் சொல்கிறோம். சேருக்கு இப்படிச் சொல்லவில்லை, மரியாதை இருக்கிறது. கணக்கை மட்டும் காட்டினேன்: ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் வகுப்பில் எத்தனை, பிள்ளைக்கு எத்தனை. கூட்டினால் 150 ஐத் தாண்டக்கூடாது. எதைச் சேர்க்கவேண்டுமோ சேருங்கள், ஆனால் எதை எடுப்பது என்றும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கூட்டம் கெதியாக முடிந்தது.

செயல்முறையில் ஒரு விசயம். பீடச் சபை, மூதவை என்று போகிற பாடவிபரப் படிவத்தை மாற்ற மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அதில் பேறு, தலைப்பு, புள்ளிப் பங்கீடு மட்டும்தான் கட்டாயம். எந்தக் கிழமையில் எது, எந்தப் பக்கம், எந்தத் தாள் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அவுட்லைனில் இருக்கிறவை, அது உங்கள் கையில். படிவத்தை அகலமாக எழுதுங்கள், அவுட்லைனை நுணுக்கமாக எழுதுங்கள். பலர் மாறிச் செய்துவிட்டு, "மாத்த விடுறாங்கள் இல்லை" என்று புலம்புகிறார்கள்.

இன்னொன்று, உங்கள் பாடம் தனியே ஓடவில்லை. ஐந்து விரிவுரையாளரும் பதின்மூன்றாம் கிழமையில் அசைன்மென்ட் கேட்டால் அந்த 50 மணித்தியாலம் 90 ஆகும், பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதும், நாங்கள் கள்ளம் என்போம். ஒரு கூகிள் ஷீட் போதும். ஒவ்வொருவரும் தங்கள் திகதியைப் போட்டால் எந்தக் கிழமை சிவக்கிறது என்று தெரியும்.

கடைசியாக, தரவு வேலை. என் பாடத்தில் 18 புள்ளி அதற்கு. புள்ளிவிபரவியல் செயற்றிட்டம் என்றால் வழக்கமாக ஒரு வினாக்கொத்து: குடும்ப அங்கத்தவர் எத்தனை பேர், தகப்பனின் தொழில், மாத வருமானம், எப்போதிருந்து இந்த முகவரியில். வேறு ஊரில் இது சாதாரணம். 2009 இல் நாலைந்து வயதில் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் முதல் கேள்வியே சாதாரணம் இல்லை. தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் எந்தப் பெட்டியில் சரி போடுவது? பக்கத்தில் இருக்கிற தென்பகுதிப் பிள்ளை அந்தப் படிவத்தைச் சேகரிக்க வந்து நிற்கும்போது அந்தப் பிள்ளை என்ன செய்யும்? குடும்பக் கேள்விகளுக்கு என் அவுட்லைனில் இடமில்லை, காரணத்தை வகுப்பில் விளக்குவதும் இல்லை. பஸ் பிந்துவதை அளக்கலாம், கிணற்று நீரின் உப்பை அளக்கலாம், சந்தையில் கத்தரிக்காய் விலையைக் கிழமைக் கிழமை எழுதலாம், கட்டுக்கரைக்குளத்தில் பறவை எண்ணலாம். வன்னியில் எண்ண எவ்வளவோ இருக்கிறது. குழுவில் இரண்டு மொழிப் பிள்ளைகளும் இருக்கவேண்டும் என்பது மட்டும் கட்டாயம். சந்தையில் விலை கேட்கத் தமிழ் வேண்டும், அறிக்கை எழுத ஆங்கிலம் வேண்டும், எக்செல் தெரிந்த பெடியன் பெரும்பாலும் குருநாகல்.

அரையாண்டு முடிவில் பல்கலைக்கழகத்தின் கருத்துப் படிவம் ஒன்று வரும், "விரிவுரையாளர் நேரத்துக்கு வந்தாரா" என்ற மாதிரி. அதற்குப் பக்கத்தில் நான் ஒரு துண்டு கொடுப்பேன். பெயர் வேண்டாம். இரண்டு கேள்வி: எந்தக் கிழமைத் தாளைச் செய்யவில்லை, அந்தக் கிழமை என்ன நடந்தது. போன முறை பலர் எழுதியது பத்தாம் கிழமை. இணைபுக் குணகத்தை, அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண்ணை, கையால் கணிக்கும் தாள். இரண்டரை மணித்தியாலம் என்று நான் போட்டது அவர்களுக்கு ஐந்தாகியிருக்கிறது. அடுத்த பட்ஜுக்குப் புள்ளிப்படம் கீறிப் பார்த்துக் குணகத்தை ஊகிப்பது மட்டும்தான், கணிப்பதைக் கணினி செய்யட்டும். சேர் இதை எப்படியோ கேள்விப்பட்டுவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு ஆட்சேபத்தை எழுத்திலேயே கொண்டுவருகிறாராம்.